பெடல் சத்தத்துக்கு நீ ஆடிய ஆட்டம்

பாப்பா, போன ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாங்கிக்கொண்டு வந்த வாழைப்பழத்தைக் கண்டக்டரிடம் கொடுத்து உன்னிடம் சேர்க்கச் சொன்னேன். அவர் உன்னிடம் நீட்டியபோதும் நீ வாங்கி மடியில் வைத்துக்கொண்டாயே தவிர என்னைப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நீ சொன்னது மட்டும் என்னோடு அம்பகரத்தூர் வீடு வரைக்கும் வந்தது. "மெஷினை மூடிட்டு என்கூட வந்துடும்மா. இந்தத் தடவையும் நீ பாக்கலாம்னு சொன்னேன்னா இனிமே நான் கேக்க மாட்டேன்." நீ சொன்னால் செய்கிறவள். கேட்க மாட்டேன் என்றால் கேட்க மாட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் என்றால் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, கடைசியில் சோறு ஆறிப்போகும்.

நான் உன்னிடம் சொல்லிவந்த காரணங்கள் எல்லாம் உனக்கு மனப்பாடம். கோயில் திருவிழா வருகிறது, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ரவிக்கைத் துணியோடு வருவார்கள். அது முடிந்தால் பள்ளிக்கூடம் திறக்கும், சீருடை தைக்க வேண்டும். அது முடிந்தால் தீபாவளி. நீ கணக்குப் போட்டுப் பார்த்து, வருஷத்தில் நான் வரக்கூடிய மாதமே இல்லையே என்று சிரித்தாய். போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பும் இல்லை, என் காலைப் பார்த்துவிட்டாய். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாக நிற்பதைச் சேலையை இழுத்துவிட்டு மறைத்தேன், நீ சேலையை விலக்கிப் பார்த்தாய். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய். பெடல் மிதிக்கக் கூடாது என்றுதான் சொன்னார். வேறு என்ன சொல்லுவார்? மீனைப் பார்த்துத் தண்ணீரில் இறங்காதே என்கிற மாதிரி.

உண்மையைச் சொல்லட்டுமா. எனக்குக் களைப்பாக இருக்கிறது. உன் அப்பா இருந்தபோதும் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் வயலிலிருந்து சேறும் சகதியுமாக வருவார், அவருக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவள் களைப்பைப் பற்றிப் பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கும். உட்கார்ந்துதானே தைக்கிறேன். ஆனால் உட்கார்ந்தபடியே நான் எத்தனை தூரம் நடந்திருப்பேன் என்று இந்தக் காலுக்குத்தான் தெரியும். ஊரில் ரெடிமேட் கடை வந்துவிட்டது. முன்பு ஒரு வாரம் பொறுத்து வாங்கிக்கொண்டவர்கள் இப்போது நாளைக்கே வேண்டும் என்கிறார்கள். முடியாது என்று சொன்னால் அந்தக் கடைக்குப் போய்விடுவார்கள் என்று பயந்து நானும் சரி என்கிறேன். பிறகு துரத்துகிறேன். காலையில் எழுந்ததிலிருந்து எதையோ துரத்திக்கொண்டே இருக்கிறேன். துரத்தத் துரத்த அது தள்ளித் தள்ளிப் போகிறது.

நேற்று அப்படித் தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கீதா ஞாபகம் வந்தாள். உன் அத்தை மகள். அவளைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். உன் அப்பாவின் தங்கையைக் கட்டியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்காலில் அப்படிச் சிப்பாயாக இருந்தவர் குடும்பத்தைச் சொல்தா வீடு என்பார்கள். அவர்கள் பாரீஸுக்கே போய்ச் சேர்ந்து, கோடை லீவுக்குத்தான் ஊருக்கு வருவார்கள். நீ பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்த வருஷம், கீதா ஒரு பெரிய டேப் ரிக்கார்டரைத் தோளில் சுமந்துகொண்டு நம் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அத்தை அவளை நம்மிடம் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வேலையாகக் காரைக்காலிலேயே தங்கிவிட்டாள். மூத்தவனுக்கு ஊர்ப் பெண்தான் வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம்.

கீதா போட்ட பாட்டைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. யாரோ பாட ஆரம்பிப்பார்கள், முடிக்கவே மாட்டார்கள். அடியில் ஒரு கனத்த தந்தி ஒரே இடத்தைக் கிண்டிக்கொண்டிருக்கும், மேலே நாகஸ்வரத்துக்குச் சளி பிடித்த மாதிரி ஊதுகுழல்கள் விட்டு விட்டுக் கத்தும். ஃபங்க் என்று பெயர் சொன்னாள். அதற்கு ஆடுகிற ஆட்டம்தான் லாக்கிங். மணிக்கட்டைச் சுழற்றி, விரலை நீட்டி, முழங்காலை வளைத்து, ஓடுகிற ஓட்டத்தில் திடீரென்று பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடுவது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல் பூட்டைத் திறந்துகொண்டு ஆட்டம் தொடரும். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாய். அன்றைக்கே அவளிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாய்.

கையும் காலும் உனக்குச் சீக்கிரம் வந்துவிட்டன. வராதது நேரம்தான். நீ அடுத்த அசைவுக்கு ஆசைப்பட்டு முன்னால் ஓடிவிடுவாய். கீதா டேப்பை நிறுத்திவிட்டு, தொடையில் தட்டிக்கொண்டே நாலு நாலாக எண்ணச் சொல்லுவாள். அவளுடைய அரைகுறைத் தமிழில் அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஒண்ணுதான் வீடு. ரெண்டு, மூணு, நாலு எல்லாம் வெளில சுத்தலாம். ஒண்ணு வர்றப்ப வீட்டுக்கு வந்துடணும்." நான் அப்போது ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளைக்கும் சொல்லக்கூடிய புத்திதானே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்து அவள் போய்விட்டாள், டேப் ரிக்கார்டரும் போய்விட்டது. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறொன்று வாங்கலாமா என்று நான் யோசிக்கவே இல்லை. வாங்கியிருந்தாலும் அந்தப் பாட்டை நம் தெருவில் போட முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நாம் தும்மினால் எதற்குத் தும்மினோம் என்று கேட்கிறவர்கள். பதினாறு வயதுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுக்கு ஆடுகிறாள் என்றால் அது கோயில் வாசல் வரைக்கும் போகும். உன் அப்பாவிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், அதனால் கேட்கவில்லை. கேட்காதவரை அவர் மறுத்தவர் ஆக மாட்டாரே. அப்போதுதான் நீ என் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, பெடல் மிதிக்கிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டினாய். இந்த வீட்டிலிருந்து எந்நேரம் வந்தாலும் யாரும் என்னவென்று கேட்காத சத்தம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் உன் அப்பா டீக்கடைப் பக்கம் போனதும் ஆரம்பிப்போம். பெடல் ஒருமுறை இறங்கும்போது ஒரு 'க்ரீச்', அது உனக்கு ஓர் அடி. அதற்குள் ஊசி மூன்று நான்கு தடவை குத்திவிடும், அது நடுவிலே ஓடுகிற சின்னச் சத்தம். வெறும் மெஷினை ஓட்டினால் கெட்டுப்போகும் என்று ஊசிக்கு அடியில் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தேன். நூல் கோக்கவில்லை. நூலில்லாமல் ஓடி ஓடி அந்தத் துணி சல்லடை ஆயிற்று. பெடலுக்கு எண்ணெய் விட்டால் உன் அடி கேட்காதே என்று எண்ணெய் விடுவதையே நிறுத்தினேன். உன் அப்பா படுத்தபடி கேட்பார், இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிற மெஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா என்று. நாளைக்கு விடுகிறேன் என்பேன். அந்த நாளை வர ஒரு வருஷம் ஆனது. பெடல் அச்சு தேய்ந்துபோனதுதான் மிச்சம்.

நீ நன்றாகத்தான் ஆடினாய். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நான் நிறுத்தினால் நீயும் நிற்பாய். சக்கரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது சட்டென்று நிறுத்துவேன். மூலை திருப்புகிறபோது அப்படித்தான் நிறுத்த வேண்டும், ஊசி மேலே இருந்தால் துணி நழுவிவிடும். நீயும் கை நீட்டிய இடத்தில் நிற்பாய். நான் சிரிப்பேன், நீ அசையக் கூடாது. அதுதான் நமக்குள் விளையாட்டு. நாள் முழுக்கத் தைத்த பிறகு மறுபடியும் மிதிப்பது சிரமம்தான், ஆனாலும் அந்தச் சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருந்தன. உன் படிப்பிலோ சமையலிலோ நான் அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை.

அடுத்த கோடையில் கீதா வந்தாள், அவள் அண்ணன் கல்யாணமும் நிச்சயமாகி இருந்தது. காரைக்கால் மண்டபத்தில் சாயங்காலம் வரவேற்பு, அதில் நீங்கள் இரண்டு பேரும் ஆட வேண்டும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். உன் அப்பாவிடம் அத்தை பேசினாள். "அண்ணே, என் வீட்டுக் கல்யாணத்துல நம்ம பொண்ணு ஆடாம வேற யாரு ஆடுறது." தங்கை அப்படிக் கேட்டால் அண்ணன் என்ன செய்வார்? சரி, ஆடட்டும் என்றார். ஆட்டம் என்றால் கும்மியோ கோலாட்டமோ என்று நினைத்திருப்பார் பாவம். நான் உங்களுக்கு அகலமான கால்சட்டை தைத்தேன். கீதா முழங்கால் வரைக்கும் கேட்டாள், அப்படியே தைத்தேன். உனக்கும் அப்படியே என்றாள். உனக்குக் கணுக்கால் வரை இறக்கி, போதாதென்று இன்னும் இறக்கிக்கொள்ள ஒரு விரற்கடை மடிப்பும் வைத்தேன்.

ஒத்திகை பார்க்க டேப்பைப் போட்டாள். நீ ஆரம்பித்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பாதிப் பாட்டு வரைக்கும். அப்புறம் கீதாவின் கை நீண்ட பிறகு உன் கை நீண்டது. அவள் பூட்டிய பிறகு நீ பூட்டினாய். பாட்டு முடிந்தும் நீ ஆடிக்கொண்டிருந்தாய். மறுபடி போட்டாள், மறுபடியும் அதே. ஆரம்பம் சரி, போகப் போகப் பின்னால் விழுகிறாய். கீதாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நீதான் சொன்னாய், அழுதுகொண்டே. "உன் கால் ஓய ஓய மெதுவா மிதிச்சிருக்க. நான் அதையே கத்துக்கிட்டேன்."

அந்தப் பேச்சுக்கு எனக்குக் கோபம் வந்தது, பாப்பா. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நாள் முழுக்க மிதித்துவிட்டு உனக்காக மிதித்த கால் அது. ஆனால் நீ சொன்னதில் பொய் இல்லை. சாயங்காலக் கால் முதலில் வீம்புக்கு வேகமாகப் போகும், போகப் போகத் தளரும். எனக்கே தெரியாமல் தளரும். பாட்டுக்குக் கால் வலிப்பதில்லை, அது ஆரம்பித்த மாதிரியே கடைசி வரைக்கும் போகிறது. நீ பாட்டோடு ஆடக் கற்கவில்லை, களைத்துப்போன ஒருத்தியோடு ஆடக் கற்றிருந்தாய். கல்யாணத்துக்குள் அதைச் சரி பண்ண முடியவில்லை. டேப்போடு ஆட ஆட முதல் பாதி நீண்டதே தவிர, கடைசியில் உன் உடம்பு தானாகவே என் காலைத் தேடிக்கொண்டு பின்னால் போயிற்று. வேண்டாம், விட்டுவிடு என்று நான் சொன்னேன். ஆடத்தான் போகிறேன் என்றாய்.

அன்றைக்கு மண்டபத்தில் உன் அப்பா முதல் வரிசையில், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஆயிற்றே, பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நான். பாட்டு ஆரம்பித்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் மேடையையே பார்த்தேன். பாதி வரைக்கும் நன்றாகப் போயிற்று. பிறகு நான் பயந்தது வந்தது. உன் கை ஒரு மயிரிழை பின்னால் விழுந்தது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். நீ துரத்த ஆரம்பித்தாய், துரத்தியதில் கால் தட்டியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாமலே தரையில் காலை மிதித்துக்கொண்டிருந்தேன், இல்லாத பெடலை.

அப்போது நீ நின்றாய். ஒரு கையை மேலே நீட்டி, ஒரு கையை இடுப்பில் வைத்து, அப்படியே பூட்டிக்கொண்டாய். கீதா ஆடிக்கொண்டே உன்னைச் சுற்றி வந்தாள். நீ அசையவில்லை. பாட்டு உன்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. உன் அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார், பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஏனென்றால் உன் உதடு அசைவதை நான் பார்த்துவிட்டேன். நீ எண்ணிக்கொண்டிருந்தாய். நாலு போயிற்று, இன்னொரு நாலும் போயிற்று, நீ அவசரப்படவில்லை. அடுத்த ஒண்ணு வந்தது. நீட்டிய கையை நீ இறக்கிய இடமும் கீதா இறக்கிய இடமும் ஒன்றாக இருந்தன. அங்கிருந்து கடைசி வரைக்கும் நீ பின்னால் விழவே இல்லை. மண்டபமே கை தட்டியது. நின்றதும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஆட்டத்தில் அதற்கு இடம் இருந்ததே, அதுதான் அதிசயம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டாய். "எப்ப கத்துக்கிட்டா?" என்று என்னிடம் கேட்டார். "நான் தைக்கிறப்ப" என்றேன். அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ. கொஞ்சம் கழித்து, "நடுவுல நின்னா பாரு, அது நல்லா இருந்துச்சு" என்றார். மறுநாள் அவரே பெடலுக்கு எண்ணெய் விட்டார். நான் தடுக்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்லத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடப் பார்க்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடு, சின்னப் பிள்ளைகளிடம் கத்தாதே, கல்யாணப் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பாதே என்று வரிசையாக நினைத்து வைத்திருந்தேன். எழுத எழுத அதெல்லாம் எங்கோ போய்விட்டது. உனக்குத் தெரியாத எதை நான் சொல்லப்போகிறேன்? பின்னால் விழுந்தால் ஓடிப் பிடிக்கக் கூடாது, நின்று எண்ண வேண்டும் என்பது எனக்கே நீ காட்டித் தெரிந்தது. தெரிந்தும் நான் செய்யவில்லை. உன் அப்பா போன அந்த மாதமே செய்திருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். நின்றால் விழுந்துவிடுவேன் என்ற பயம் அது.

அந்தப் பயம்தான் உன்னிடம் நான் சொல்லாத காரணம். திருவிழாவும் சீருடையும் இல்லை. மெஷின் சத்தம் நின்ற பிறகு நான் யார் என்று எனக்குத் தெரியாது. உன் வீட்டில், நீ வேலைக்குப் போன பிறகு, கையில் துணி இல்லாமல் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள். அவளை எனக்கு அறிமுகம் இல்லை. பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டால் மறுபடி நான் எங்கே சேர்ந்துகொள்வேன்? உனக்குப் பதினேழு வயது, நீ நின்றுவிட்டுச் சேர்ந்துகொண்டாய். எனக்கு முடியுமா என்று தெரியவில்லை. முடியும் என்று சொல்லிப் பொய்யாக எழுத மனமில்லை.

ஆனாலும் நேற்று ஒன்று செய்தேன். மேலத்தெருப் பெண்ணுக்குப் பாவாடை ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், நாளைக்கே வேண்டுமாம். பாதியில் கால் இழுத்துப் பிடித்தது. வழக்கமாக என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பேன். நேற்று உள்ளங்கையைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினேன். நின்றது. ஊசி துணிக்குள் இறங்கி நிற்கிறது. இன்றைக்குக் காலையில் அந்தப் பெண் வந்தாள், இன்னும் முடியவில்லையா என்றாள். இல்லை, கடையில் வாங்கிக்கொள் அம்மா, துணியைப் பிறகு தருகிறேன் என்றேன். அவள் போன பிறகு நான் அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை, பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கினேன். பகலில் நான் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஞாபகம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வா. மெஷினை என்ன செய்வது, வீட்டை யாரிடம் விடுவது என்பதெல்லாம் நீ வந்து பார்த்துக்கொள், எனக்கு யோசிக்கத் தெம்பில்லை. வாழைப்பழம் தின்றாயா என்றும் சொல். நான் நிறுத்திய இடத்திலேயே அசையாமல் நிற்கிறேன். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது. வாசலில் வந்து நின்று 'ஒண்ணு' என்று நீ சொல், நான் எழுந்து வருகிறேன்.

அம்மா